அப்கிரேட் முடிந்தது, வைஃபை போச்சு: பழைய லேப்டாப்பில் எங்கே தேடுவது?

[திரையில்: விண்டோஸ் 11 டெஸ்க்டாப்பின் வலது மூலை. வைஃபை ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் தடைக்குறியுடன் ஒரு உலக உருண்டை.]

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வைஃபை, புது விண்டோஸ் ஏறியதும் காணோம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், வயதான லேப்டாப்புகளைக்கூட நிறைய பேர் 11-க்கோ லினக்ஸுக்கோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய கையோடு இந்தத் தலைவலியும் வந்து சேருகிறது.

உடனே வைஃபை கார்டு, அதாவது லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் சிறு பாகம், கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அப்கிரேட் கார்டைத் தொடுவதில்லை. அது மாற்றுவது டிரைவரை, அதாவது சிஸ்டமும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருளை. பெரும்பாலான நேரம் பழி அங்கேதான்.

எதையும் நோண்டுவதற்கு முன், அறிகுறி என்ன என்று பாருங்கள். வைஃபை என்ற பொத்தானே இல்லையா? பொத்தான் இருந்தும் உங்கள் ரவுட்டரின் பெயர் மட்டும் தெரியவில்லையா? இணைந்துவிட்டது, ஆனால் இன்டர்நெட் வரவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரிக்காமல் கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்ப்பதால்தான் பாதிப் பேருக்குப் பொழுது போய்விடுகிறது.

[திரையில்: ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக். டிவைஸ் மேனேஜர் திறக்கிறது.]

பொத்தானே இல்லாதவர்கள் முதலில் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு வயர்லெஸ் சுவிட்ச் இருக்கும், அதையும் தடவிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், அது தெரியாமல் அணைந்து கிடப்பது சகஜம்.

அப்புறம் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியை விரியுங்கள். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரண்டு முறை கிளிக் செய்து, என்ன எர்ரர் கோடு எண் காட்டுகிறது என்று படியுங்கள். கோடு 28 என்றால் டிரைவரே இல்லை. கோடு 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கார்டைத் தொடங்க முடியவில்லை. கோடு 10-க்கு நான் முதலில் போவது டிரைவர் டேபில் உள்ள 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானுக்குத்தான். அது மங்கலாகத் தெரிந்தால், திரும்பிப் போக முந்தைய டிரைவர் கையிருப்பில் இல்லை என்று அர்த்தம்.

கார்டின் பெயரே இல்லாமல் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று மட்டும் வந்தால்? இங்கேதான் ஆட்கள் தடுமாறி, ஏதாவது ஒரு டிரைவர் அப்டேட்டர் மென்பொருளை இறக்கிவிடுகிறார்கள். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கார்டு தன் அடையாளத்தைத் தானே சொல்லும்.

[திரையில்: ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் டேப், ஹார்ட்வேர் ஐடிஸ். முதல் வரி பெரிதாகிறது.]

இந்த வரியில் 'வென்' என்பதை ஒட்டி நான்கு எழுத்துகள் வருகின்றன அல்லவா? அதுதான் தயாரிப்பாளர். 8086 என்றால் இன்டெல். 14இ4 பிராட்காம். 168சி குவால்காம் ஏதெரோஸ். 10இசி ரியல்டெக். அடுத்து 'டெவ்' என்பதை ஒட்டி வருவது மாடல். இரண்டையும் குறித்துக்கொண்டு, லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரைத் தேடுங்கள். அங்கே விண்டோஸ் 10-க்கானதுதான் கிடைக்கிறதா? போட்டுப் பாருங்கள், 11-லும் பல நேரம் வேலை செய்யும்.

சரி, இன்டர்நெட்டே இல்லாமல் எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காது. போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கடத்திவிடும், மொபைல் டேட்டாவும் செலவாகாது.

டிரைவர் போட்டும் ஏற மறுத்தால், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று உண்டு, அதைப் பாருங்கள். அது இயங்கும்போது சில பழைய டிரைவர்களை உள்ளே விடாது. அணைத்தால் கார்டு உயிர் பெறலாம், ஆனால் ஒரு பாதுகாப்பு அடுக்கு போய்விடும். புதிய டிரைவர் கிடைக்கவே கிடைக்காது என்று உறுதியான பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் அது.

[திரையில்: கமாண்ட் ப்ராம்ப்ட். 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' கட்டளையின் வெளியீடு.]

இப்போது இரண்டாவது வகை. பக்கத்து வீட்டு நெட்வொர்க் எல்லாம் தெரிகிறது, நம்முடையது மட்டும் இல்லை. திரையில் உள்ள கட்டளையை அடித்து, ரேடியோ டைப்ஸ் என்ற வரியைப் படியுங்கள். 802.11 பி, ஜி, என் மட்டும் இருந்து ஏ, ஏசி இரண்டும் இல்லையென்றால், அது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே கேட்கும் கார்டு. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் இதற்குக் காதே கேட்காது. கீழே இருக்கும் ஆதென்டிகேஷன் பட்டியலில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை இல்லையென்றால், ரவுட்டரில் டபிள்யூபிஏ2-வும் 3-ம் சேர்ந்த கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்டெல் 7265, 8260 போன்ற கார்டுகளில் இன்னொரு சங்கதி. டிரைவர் மிகப் பழையதாக இருந்தால் வைஃபை 6 ரவுட்டரின் பெயர் பட்டியலில் வரவே வராது. டிரைவரைப் புதுப்பித்தால் வந்துவிடும். ரவுட்டர் மேல் சந்தேகப்பட்டு அதை மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது வகை சுலபம். இணைந்தும் இன்டர்நெட் இல்லை என்றால், பழைய விபிஎன் அல்லது ஆன்டிவைரஸ் மென்பொருளை நீக்கிப் பாருங்கள். அப்கிரேடுக்குப் பின் இவற்றின் மிச்சங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கும். அதற்கும் மசியாவிட்டால் செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட். சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி அறுபடுகிறது என்பவர்கள், கார்டின் பவர் மேனேஜ்மென்ட் டேபில் மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். எல்லா லேப்டாப்பிலும் அந்த டேப் இருக்காது.

[திரையில்: லினக்ஸ் டெர்மினல்.]

லினக்ஸ் ஆட்களுக்கு இரண்டு வார்த்தை. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடித்து எதுவும் பிளாக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிராட்காம் கார்டு என்றால் தனி டிரைவர் வேண்டியிருக்கலாம், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் பகுதியில் அது கிடைக்கும். கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, புதிதானதும் வைஃபை போனால், பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். அங்கே வேலை செய்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அந்தத் தனி டிரைவர் புதிய கெர்னலுக்காக மறுபடி உருவாகவில்லை.

விண்டோஸில் திரும்பிப் போகும் வழியும் உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் 'கோ பேக்'. வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். அதற்குள் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை அழித்துவிட்டால் அதுவும் கிடையாது. ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-க்குத் திரும்புவது நிரந்தரத் தீர்வல்ல, டிரைவர் தேட ஒரு மூச்சு விடும் நேரம், அவ்வளவுதான்.

[திரையில்: திறந்த லேப்டாப், இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்களுடன் சிறிய கார்டு.]

எதுவும் நடக்கவில்லை என்றால் கார்டை மாற்றலாம். வாங்கும் முன் உங்களுடையது மினி பிசிஐஇ வகையா, எம்.2 வகையா என்று திறந்து பார்த்துவிடுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்201 போன்ற சிஎன்விஐ கார்டுகள், அதாவது வேலையில் ஒரு பகுதியை லேப்டாப்பின் இன்டெல் சிப்பிடமே விட்டுவிடும் வகை, பழைய லேப்டாப்பில் ஓடாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 அந்த வகையில்லை. சில பழைய மாடல்களின் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் இயங்கும் மென்பொருள், தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டதும் பூட் ஆகவே மறுக்கும். அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றால் ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் அதன் சிப்புக்கு கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.