வுட்வர்டு கையில என்ன கையேடு இருந்தது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

பத்திரிகையின் தரத்தைக் காப்பாத்துறது நிருபரின் துணிச்சலா, செய்தி அறையின் நெறிமுறையா? நெறிமுறைதான்னு சொல்ல வந்திருக்கேன். ஆனா எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி போற போக்குல ஒண்ணைக் கேட்டுட்டுப் போயிட்டாரு. "அமெரிக்காவுல வாட்டர்கேட் ஊழலைக் கிளறின நிருபர் பாப் வுட்வர்டு கையில என்னய்யா கையேடு இருந்தது? நெஞ்சுல துணிச்சல்தானே இருந்தது?" நீங்களும் கைதட்டுனீங்க. முதல்ல அதுக்குப் பதில் சொல்லாம நான் நகர மாட்டேன்.

தம்பி, அந்த ஊழல்ல மாட்டின அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் 1974-ல ராஜினாமா பண்ணதோட கதையை நிறுத்திட்டீங்களே! அதே வுட்வர்டு, அவரு வேலை பார்த்த அதே வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை. ஏழு வருஷத்துல என்ன ஆச்சுன்னு நான் சொல்றேன்.

1980 செப்டம்பர் 28, ஞாயித்துக்கிழமை. முதல் பக்கத்துல ஒரு கட்டுரை. எழுதினது ஜேனட் குக், 26 வயசு நிருபர். ஜிம்மின்னு ஒரு பையன். வயசு எத்தனைங்கறீங்க? எட்டு! எட்டு வயசுப் பிள்ளை ஹெராயினுக்கு அடிமை. வீட்டுக்குள்ளயே பெரியவங்க அவன் கையில ஊசி ஏத்துறாங்க. படிச்ச ஊரு சும்மா இருக்குமா? கொதிச்சுப் போச்சு. மேயர் உத்தரவு போட்டாரு, போலீஸ் தெருத் தெருவாத் தேடுச்சு. ஜிம்மி கிடைக்கல.

போலீஸ் பத்திரிகைக்கிட்ட கேக்குது, பையன் எங்கன்னு. "தகவல் தந்தவங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்"ங்குது பத்திரிகை. நல்ல கொள்கை, நானும் கும்பிடுறேன். ஆனா ஐயா, கேளுங்க. அந்தப் பையன் யாரு, வீடு எதுன்னு அந்த ஆசிரியர்களுக்கே தெரியாது! கேக்கவே இல்ல! ஊருக்குச் சொல்ல வேண்டாம்மா, கதவைச் சாத்திக்கிட்டு எங்க காதுல மட்டும் சொல்லுன்னு ஒருத்தர் கேட்டிருக்கக் கூடாதா? கூட வேலை பார்த்த நிருபர் ஒருத்தர் ஜேனட் குக்கைக் கார்ல ஏத்திக்கிட்டு அந்தப் பகுதியையே சுத்தினாரு. அந்த அம்மாவால வீட்டைக் காட்ட முடியல. சந்தேகத்தை மேல போய்ச் சொன்னாரு. எடுபடல. கட்டுரையை அமெரிக்கப் பத்திரிகை உலகத்தோட பெரிய பரிசான புலிட்சருக்கு அனுப்பிட்டாங்க.

அப்போ அந்த உள்ளூர்ச் செய்திப் பிரிவுக்கே தலைமை ஆசிரியரா உட்கார்ந்திருந்தது யாரு தெரியுமா? சத்தமா சொல்லட்டுமா தம்பி? பாப் வுட்வர்டு!

1981 ஏப்ரல் 13, பரிசும் கிடைச்சுது. அந்த அம்மா முன்னாடி வேலை பார்த்த டொலிடோ ஊர்ப் பத்திரிகைக்காரங்க, நம்ம ஊர்ப் பொண்ணாச்சேன்னு செய்தி போட உட்கார்ந்தாங்க. பயோடேட்டாவைப் பார்த்தா, வாசர் கல்லூரியில பட்டம்னு இருக்கு. இவங்க அறிஞ்சதோ டொலிடோ பல்கலைக்கழகம். இடிக்குதேன்னு விசாரிச்சாங்க, அவ்வளவுதான். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அலுவலகத்துல அவங்களை உட்கார வச்சுக் கேக்குறாங்க. பிரெஞ்சு தெரியும்னு எழுதியிருந்தாங்களாம், ஆசிரியர் பென் பிராட்லி பிரெஞ்சுலயே கேட்டுப் பார்த்தாரு. வரல. விடியறதுக்குள்ள உண்மை வெளிய வந்துடுச்சு: ஜிம்மின்னு ஒரு பையனே கிடையாது! பரிசு திரும்பிப் போச்சு.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன் தம்பி. வாட்டர்கேட் சமயத்துல வுட்வர்டு கையில கையேடு இருந்தது. ஒருத்தர் மேல குற்றம் சாட்டணும்னா குறைஞ்சது ரெண்டு பேராவது தனித்தனியா உறுதி பண்ணணும்னு அவங்களே வச்சுக்கிட்ட விதி. அந்த விதியோட நடந்தப்ப ஒரு ஜனாதிபதியே இறங்கினாரு. ஜிம்மி விஷயத்துல அந்தச் சோதனை இல்ல, பத்திரிகையே தலைகுனிஞ்சுது. துணிச்சல் ரெண்டு தடவையும் இருந்தது!

அந்தப் பத்திரிகையைத் தூக்கி நிறுத்தினதும் நெறிமுறைதான். பில் கிரீன்னு வாசகர் பக்கம் நின்னு கேள்வி கேக்குறதுக்குன்னே ஒருத்தர் அங்க இருந்தாரு. யாரு எங்க கோட்டை விட்டாங்கன்னு அவர் எழுதினதை அதே பத்திரிகை பக்கம் பக்கமா அச்சடிச்சுது. நம்ம சென்னையில ‘தி இந்து’ 2006-ல அப்படி ஒரு பதவியைக் கொண்டுவந்தது. வாஷிங்டன் போஸ்ட் 2013-ல அந்தப் பதவியை எடுத்துடுச்சு. எனக்கு அது பெரிய வருத்தம்.

அமெரிக்கா போதும். எங்க தெருவுக்கு வாங்க.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு மறுநாள் ஒரு பொண்ணு உயிரை விட்டுட்டா. அதுக்கு அடுத்த நாள் பேப்பர்ல பேரு, பள்ளிக்கூடம், மார்க்கு, எப்படிச் செத்தாங்கற விவரம், கூடவே யூனிஃபார்ம் போட்ட போட்டோ. அந்தப் போட்டோவை யாருகிட்ட வாங்கினாங்க தெரியுமா? அம்மா மயங்கிக் கிடக்கும்போது அவளோட சின்னத் தம்பிகிட்ட. ஐடி கார்டைக் கழுத்துக் கயிறோட கொண்டுவந்து கொடுத்தான் அந்தப் பையன். வாங்கின நிருபர் கெட்டவர் இல்லீங்க. டெஸ்க்ல இருந்து போன் மேல போன், போட்டோ எங்கன்னு. சாவு வீட்டுக்குள்ள நுழையறதுக்கும் துணிச்சல் வேணும். அது அவருகிட்ட நிறைய இருந்தது. வேண்டாம்னு தடுக்க ஒரு விதிதான் அந்த ஆபீஸ்ல இல்ல.

வியன்னாவுல சுரங்க ரயில் தற்கொலைகள் கூடிக்கிட்டே போச்சு. செய்தியைப் பரபரப்பா எழுதாதீங்கன்னு 1987-ல ஆய்வாளர்கள் பத்திரிகைகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தாங்க. பத்திரிகைகளும் கேட்டாங்க. அந்தச் சாவுகள் முக்கால் பங்கு குறைஞ்சுது! நம்ம பிரஸ் கவுன்சிலும் 2019-ல சொல்லிடுச்சு: முறையை விவரிக்காதே, பரபரப்பாத் தலைப்பு போடாதே, போட்டோ போடாதே. செய்திக்குக் கீழ 104-ன்னு ஒரு உதவி எண்ணைப் போட எவ்வளவு இடம் ஆகும்? அரை வரி! அந்த அரை வரியைப் படிச்சு ஒரு பிள்ளை போனை எடுத்துட்டா போதுமே ஐயா, ஒரு வீட்டுல விளக்கு அணையாதே!

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்க கையில. எங்க தெரு அம்மா இன்னும் அந்தப் பேப்பரைப் பீரோவுக்குள்ள வச்சிருக்காங்க. என் பொண்ணு போட்டோவை இவங்க யாரைக் கேட்டுப் போட்டாங்கன்னு என்கிட்ட கேட்டாங்க. அவங்களுக்கு ஒரு பதிலைச் சொல்லிட்டு அப்புறம் தீர்ப்பைச் சொல்லுங்க ஐயா. வணக்கம்.