ஆறு வாரம் அலைக்கழித்த 6 பவுண்டு கன்டென்சர்

வணக்கம் நண்பர்களே. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். நேற்று நம் வண்டி இங்கிலாந்தில் ரெடிங்கிலிருந்து அபிங்டன் வரை போய், அங்கே ஒரு மணி நேரம் நின்று, திரும்ப வீட்டுக்கும் வந்துவிட்டது. போக வர கிட்டத்தட்ட 50 மைல். வழியில் ஒரு முறைகூட அணையவில்லை! குற்றவாளி தலைப்பில் இருக்கும் கன்டென்சர்தான், இக்னிஷனில் இருக்கும் ஒரு சின்ன மின் பாகம். போன மூன்று வீடியோவும் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

முதல் முறை வருபவர்களுக்காக: வண்டி 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது மேல்கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், குரோம் பம்பர். குரோம் பம்பர் என்பதை ஏன் ஒவ்வொரு தடவையும் அழுத்திச் சொல்கிறீர்கள் என்று போன வாரம்கூட ஒருவர் கேட்டிருந்தார். 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக அந்தக் கறுப்பு ரப்பர் மூக்கை மாட்டி, வண்டியையும் தூக்கி உயரமாக்கிவிட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, இத்தனை வருடத்தில் மனம் மாறவில்லை, இனியும் மாறாது.

சரி, நோய் என்ன என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். கேவர்ஷம் தாண்டி ஏ4074 சாலையில் ஏறி, இருபது நிமிடம் வெண்ணெய் மாதிரி ஓடும். வாலிங்ஃபோர்டு தாண்டி ஷில்லிங்ஃபோர்டு வருவதற்குள் இருமல் ஆரம்பிக்கும். சைலன்சரில் ஒரு வெடி, இரண்டு வெடி, அப்புறம் மொத்தமாக அணைந்துவிடும். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஆறு வாரம் இதே கதை. ஷில்லிங்ஃபோர்டு ரவுண்டானாவுக்கு முன்னால் இருக்கும் அந்தப் புல்தரை எனக்கு இப்போது மனப்பாடம்.

சூடானால் நிற்கிறது என்றதும் எல்லோருமே பெட்ரோல் என்றார்கள், நானும் அதைத்தான் நம்பினேன். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் எல்லாம் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கு எத்தனால் ஆகவே ஆகாது. உள்பக்கம் இளகி, தூள் தூளாக உதிர்ந்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் மிதவை ஊசியில் போய் அடைத்துக்கொள்ளும். நான் எப்போதும் எத்தனால் குறைவான இ5 சூப்பர்தான் போடுகிறேன், இருந்தாலும் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும், ஆர்9 என்று அச்சடித்திருக்கும் வகைக்கு மாற்றினேன். இந்த மாற்றத்துக்கு மட்டும் வருத்தமே இல்லை. பழைய ரப்பர் குழாயோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இந்த வாரமே மாற்றுங்கள், சூடான எக்சாஸ்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை.

அப்புறம் மிதவை ஊசி இரண்டும் மாற்றினேன். அதற்கும் அப்புறம் பம்ப். 130 பவுண்டுக்கு மேல். மனதில் நிற்பது இந்தத் தொகைதான், ஏனென்றால் பழைய பம்பில் ஒரு குறையும் இல்லை! வண்டிக்கு அடியில், வலது பின் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டு, முகத்தில் துரு கொட்ட மாற்றினேன், நீங்களும் பார்த்தீர்கள். சாவியைத் திருப்பியதும் அந்த எஸ்யூ பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் மெல்ல ஓய்ந்து நிற்குமே, அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பழையதும் அதைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால்தான் எங்கேயோ கசிவு, அல்லது காற்று புகுகிறது, அல்லது பெட்ரோல் தீர்ந்துவிட்டது. அதைக் காதால் கேட்டும் 130 பவுண்டு கொடுத்தேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கார்புரேட்டரையும் விடவில்லை. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் முன் கார்புரேட்டர் வாயிலும் பிறகு பின்னதிலும் வைத்து, இரண்டும் ஒரே அளவு உஸ்ஸென்று இழுக்கும் வரை திருகைத் திருப்பினேன். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கிப் பார்த்தேன். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், என்ஜின் தடுமாறி இறங்கினால் குறைவு, லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில், பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை அதன் பக்கக் கணக்கில் ஒரு முகம், அரை முகம் என்று திருப்பித் திருப்பி இரண்டு சனிக்கிழமை போனது. அருமையாக அமைந்தது. மறுநாள் அதே ஷில்லிங்ஃபோர்டில் அதே மாதிரி நின்றது.

அப்போதுதான் உங்களில் ஒருவர், பெயரைச் சொல்ல அனுமதி கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை, ஒரு கமென்ட் போட்டார். "வண்டி நிற்கும் இடத்தில் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள்" என்று. என் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். வண்டி இன்னும் நான்காவது கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, ஆனால் முள் துள்ளித் துள்ளி சுழியத்தில் விழுகிறது. என் வீடியோவில் என் கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார். இது ஏன் முக்கியம் என்றால், கியரில் உருளும்போது சக்கரமே என்ஜினைச் சுற்றும். பெட்ரோல் வராவிட்டாலும், காயிலின் மின்சாரத்தை வெட்டும் சின்ன சுவிட்சான பாயின்ட் திறந்து மூடிக்கொண்டே இருக்கும், முள்ளும் வேகத்தோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்கும். முள் திடீரென்று விழுந்தால் கோளாறு காயிலுக்கு, அதாவது பிளக்கில் பொறி விழ உயர் அழுத்தம் தரும் சுருளுக்கு, போகும் மின்சாரத்தில். நான் அத்தனை நாளும் வண்டியின் தப்பான பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவே மதுரைக்குச் சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் வருடக்கணக்காகப் பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்தவர். அம்பாசடரின் 1489 சிசி என்ஜினும் என் வண்டியின் 1798 சிசி என்ஜினும் ஒரே குடும்பம், பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) காலத்து பி சீரிஸ். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் இருக்கும் பாயின்ட், கன்டென்சர் எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே நிறுத்தினார். "டேய், வண்டி ஆறிப்போய் நிக்கிறப்ப பாத்தா என்னத்தத் தெரியும்? சூட்டோட மூடியக் கழட்டி பாயின்ட்டப் பாரு. வெள்ளையாப் பெருசாப் பொரிஞ்சா கன்டென்சர் போச்சு." அவ்வளவுதான், அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் ஷில்லிங்ஃபோர்டு வரை போகவா முடியும்? மனைவியின் ஹேர் டிரையரை வாங்கி வந்தேன். கராஜில் விளக்கை அணைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் என்ஜினை நிறுத்தி, சாவியைப் போட்டு, பிளாஸ்டிக் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவரால் பாயின்ட்டை நெம்பித் திறந்தேன். ஆறியிருக்கும்போது கடுகு அளவு நீலப் புள்ளி. சரி. பத்து நிமிடம் ஹேர் டிரையரைக் கன்டென்சர் மேல் பிடித்துவிட்டு மறுபடி நெம்பினேன், பளிச்சென்று வெள்ளையாக, சத்தத்தோடு பொரிந்தது! ஆறவிட்டேன், புள்ளி. சூடாக்கினேன், வெள்ளை. நான்கு தடவை செய்தேன், நான்கையும் வெட்டாமல் போடுகிறேன், கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆறு வாரத்துக்கு அப்புறம் கிடைத்த காட்சி, வெட்ட மனம் வரவில்லை.

கன்டென்சர் செய்யும் வேலை இதுதான். பாயின்ட் திறக்கும் நொடியில் காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் நிற்க மறுத்து, அந்த இடைவெளியைத் தாவப் பார்க்கும். கன்டென்சர் அதை வாங்கிக்கொள்ளும். அப்போதுதான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்குக்கு வேண்டிய உயர் அழுத்தம் பிறக்கும். கன்டென்சர் இல்லையென்றால் அந்தச் சக்தி எல்லாம் பாயின்ட்டிலேயே பொரிந்து தீர்ந்துவிடும், பிளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது, பாயின்ட்டும் கருகும். என் பாயின்ட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன் பாருங்கள், ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு.

இனி கோபம் வரும் இடம். இந்தக் கன்டென்சர் புதுசு. மார்ச் மாத சர்வீஸில் மாட்டியது, அழகான பெட்டியில் வந்தது, 6 பவுண்டு. எங்கே வாங்கினேன் என்று சொல்லப் போவதில்லை, கமென்டில் கேட்காதீர்கள். ஆனால் சில நூறு மைல்கூட ஓடாத புதுப் பாகம், சூடு பட்டால் கையை விரிக்கிறது. இது ஒரே ஒரு கடையின் சிக்கலும் இல்லை. ரோட்டார் ஆர்ம், கன்டென்சர், பாயின்ட் என்று பழைய வண்டிகளுக்கு இப்போது புதிதாகச் செய்து வரும் சின்னச் சின்னப் பாகங்களில் தரம் ஒன்றுபோல இல்லை. ஓடிக்கொண்டிருந்த பழைய கன்டென்சரை நான் கழற்றியதற்கு ஒரே காரணம், புதியது கையில் இருந்தது என்பதுதான். இனிமேல் அந்தப் பழக்கம் இல்லை.

நல்ல வேளை, பழையதைத் தூக்கி எறியவில்லை. அந்த நீல பிஸ்கட் டின்னில் கிடந்தது. லூகாஸ் என்று எழுத்து பதிந்த பழைய உருப்படி. மாட்டி, ஹேர் டிரையரைக் கால் மணி நேரம் பிடித்தும் கடுகுப் புள்ளிதான். புது பாயின்ட் போட்டு, இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு வைத்தேன். 14-லிருந்து 16 வரை இருக்கலாம்.

ஓ, ஒன்றை விட்டுவிட்டேன், இது முக்கியம். பாயின்ட் தூணில் கன்டென்சர் வயரும் காயிலிலிருந்து வரும் வயரும் சேரும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் இருக்கும், தொப்பி மாதிரி. இரண்டு வயரின் வளையமும் அந்த புஷ்ஷின் மேல்தான் உட்கார வேண்டும், பாயின்ட் சுருள்வில்லைத் தொட வேண்டும், தூணின் உலோகத்தைத் தொடவே கூடாது. தொட்டால் பாயின்ட் திறப்பதே காயிலுக்குத் தெரியாது, வண்டி பிடிக்கவே பிடிக்காது. புதிதாகப் பாயின்ட் மாற்றுபவர்கள் பலரும் தவறும் இடம் இது. மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடுங்களேன் என்று இருபது பேராவது எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வண்டியில் போட்டிருந்தால் நல்லதுதான், நான் தடுக்கவில்லை. ஆனால் அது போனால் சாலையோரத்தில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பாயின்ட் என்றால் இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் ஸ்க்ரூடிரைவரும் போதும். எனக்குப் பாயின்ட்தான்.

நேற்று ஷில்லிங்ஃபோர்டு ரவுண்டானா வந்தபோது இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. முள் 3000-த்தில் அசையாமல் நின்றது. அந்தப் புல்தரையைத் தாண்டி, பெரின்ஸ்ஃபீல்டில் ஏ415 பிடித்து, கிளிஃப்டன் ஹாம்ப்டன், கல்ஹம் வழியாக அபிங்டன். அபிங்டன் ஏன் என்று தெரியும்தானே? 1929-லிருந்து 1980 அக்டோபரில் மூடும் வரை எம்ஜி தொழிற்சாலை இருந்த ஊர். எம்ஜிபி வகையில் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் அங்கிருந்து வெளியே போயிருக்கிறது, இதுவும் அதில் ஒன்று. செமிட்ரி ரோட்டில் எம்ஜி கார் கிளப்பின் அலுவலகமான கிம்பர் ஹவுஸுக்கு வெளியே நிறுத்தி, பானெட்டைத் திறந்து ஆறவிட்டேன். பிறந்த ஊருக்குச் சொந்தக் காலில் வந்திருக்கிறது என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. வீடியோவில் அந்த இடத்தில் பேச்சு இல்லாமல் இருப்பது அதனால்தான்.

திரும்ப வந்ததும் சித்தப்பாவிடம் சொன்னேன். 6 பவுண்டு என்றதும் ரூபாயில் கணக்குப் போட்டுத் திட்டினார். அப்புறம் அவருடைய பெட்டியில் லூகாஸ் டிவிஎஸ் கன்டென்சர் இரண்டு பிரிக்காமல் கிடக்கிறதாம், அடுத்த மாதம் இங்கே வரும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். என் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அது உட்காருமா என்று வந்ததும் அளந்து காட்டுகிறேன். உட்காராவிட்டால் காயிலுக்குப் பக்கத்திலேயே, சூடு படாத இடத்தில் வெளியே மாட்டிக்கொள்ளலாம், அதற்கான கிளிப்பை இப்போதே வளைத்து வைத்துவிட்டேன்.