படகில் வந்த நடுக்கள வீரர்

அவையோருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டக் கரையை ஒட்டி வாலன்ஷியா என்றொரு தீவு இருக்கிறது. 11 கிலோமீட்டர் நீளம், 3 கிலோமீட்டர் அகலம், அவ்வளவுதான். 1866இல் அட்லாண்டிக்கைக் கடந்த தந்திக் கம்பி கரையேறிய இடம் அது. அந்தத் தீவின் தந்தி நிலையத்தில் வேலை பார்த்த மிக் ஓ’கானல் என்ற மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்தின் நடுக்களத்தில் அவரைவிட அழகாக ஆடியவர் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்டத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். அன்றைய விதிப்படி, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் விழுந்தால் 3 புள்ளி. யாருக்கும் சம்பளம் கிடையாது. பிறந்த ஊரின் கிளப்புக்கு ஆடுவார்கள். அதில் தேறியவர்களை மாவட்ட அணி அழைத்துக்கொள்ளும்.

கோல்காப்பாளர் உதைத்த பந்து நடுக்களத்தின் மேல் உயர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இறங்கும் இடத்தில் நான்கு பேர் தோளோடு தோள் மோதி நிற்கிறார்கள். அந்த நெரிசலிலிருந்து ஒருவர் மட்டும் மேலே எழுகிறார். முதுகு நிமிர்ந்திருக்கிறது, கைகள் முழுவதும் நீண்டிருக்கின்றன. பந்து விரல்களில் ஒட்டிக்கொள்கிறது. தரையைத் தொட்டதும் இடது காலோ வலது காலோ, எது தோதோ அதனால் பந்தைத் தன் ஆளுக்கு அனுப்பிவிடுகிறார். அதுதான் ஓ’கானல். இரண்டு காலிலும் அந்தத் துல்லியம் வந்தது, தீவில் தனியாகப் பந்தோடு கழித்த பொழுதுகளில்.

அவருடைய கிளப் வாலன்ஷியாவின் ‘யங் ஐலண்டர்ஸ்’. சின்னஞ்சிறு கிளப் தனித்து நின்று மாவட்டப் பட்டத்தை வெல்ல முடியுமா? கெர்ரியில் அதற்கொரு நல்ல ஏற்பாடு உண்டு. சிறிய கிளப்புகள் கூடி வட்டார அணியாக ஆடலாம். அப்படித் திரண்ட தெற்கு கெர்ரி அணி 1955, 1956, 1958 ஆண்டுகளில் மாவட்டப் பட்டத்தை வென்றது. பட்டம் வென்றவர்களே அடுத்த ஆண்டு மாவட்ட அணிக்குத் தலைவரைச் சொல்வது அங்கே மரபு. 1959இல் தலைமை இந்தத் தீவுக்காரரிடம் வந்தது. அப்போது வயது 22.

மாவட்ட அணியின் பயிற்சி கில்லார்னி நகரில். படகில் நீரைக் கடந்து, அக்கரையிலிருந்து சாலை வழியே சுமார் 60 கிலோமீட்டர் போக வேண்டும். முடிந்ததும் அதே வழியில் திரும்ப வேண்டும். இரவில், அந்தக் கடற்காற்றில், பகல் வேலைக்குப் பிறகு! இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு கூடுகிறது.

அந்த ஆண்டு, மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கெர்ரி கால்வேயை வென்றது. ஓ’கானல் காயத்தோடு பாதியில் வெளியேறினார். வென்றவர்களுக்குத் தரும் சாம் மக்வயர் கோப்பையை உடைமாற்றும் அறையிலேயே விட்டுவிட்டு, அன்றிரவே ஊருக்குக் கிளம்பி, துடுப்புப் போட்டு வீடு சேர்ந்தார் என்று கெர்ரியில் இன்றும் சொல்வார்கள்.

1962இல் ராஸ்காமனை வென்ற ஆட்டம், தொலைக்காட்சியில் நேரடியாக வந்த முதல் கேலிக் கால்பந்து இறுதி ஆட்டம். 1964, 1965, 1968 மூன்றிலும் கெர்ரிக்குத் தோல்வி. 1969இல் ஆஃபலியையும் 1970இல் மீத்தையும் வென்று நான்காவது பதக்கம் வந்தது. பின்னாளில் நூற்றாண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்தபோதும், ஆயிரமாண்டு அணியை அறிவித்தபோதும் நடுக்களத்தில் அவர் பெயர் இருந்தது.

வாலன்ஷியாவைக் கரையோடு இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது 1971இல். நான்கு பதக்கங்களும் அதற்கு முன்பே தீவுக்கு வந்துவிட்டன, நீரைக் கடந்து.