கடவுளிடம் கணக்குக் கேட்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை வந்துபோன அன்று மாலை, திருவொற்றியூர்க் கடற்கரையோரக் குப்பம் ஒன்றில், பூட்டிக் கிடந்த அம்மன் கோயில் வாசலில் ஒரு பெண்மணி நிற்பதைக் கண்டேன். அவருடைய முந்தானையில் ஈரமணல் ஒட்டியிருந்தது. கம்பிக் கதவை இரண்டு கைகளாலும் பற்றி உலுக்கியபடி, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று அவர் அம்மனைக் கேட்டார். அருகிலிருந்த முதியவர் ஒருவர், "சாமிய அப்படிப் பேசாதம்மா, அவ கணக்கு நமக்குத் தெரியாது" என்று தடுத்தார். அந்த இருவரில் யார் பக்கம் நிற்பது என்பதுதான் அன்று முதல் என் மனத்தை விட்டு அகலாத கேள்வி. இன்று உங்களோடு பேச வந்திருப்பதும் அதைப் பற்றித்தான்.

தாய் என்றால் பிள்ளையை இப்படிக் கைவிடமாட்டாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அதை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. தாமும் ஒரு தாயாக இருந்து அறிந்தார். அந்த அளவைத்தான் தெய்வத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அப்படி வைக்கலாமா?

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், தன் தந்தையின் மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்த யூதிஃப்ரோ என்பவரிடம் சாக்ரடீஸ் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறார். தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா? முதலாவதுதான் சரியென்றால், நாளைக்கே கடவுள் பொய் சொல்லச் சொன்னால் பொய்யும் அறமாகிவிடும். "கடவுள் நல்லவர்" என்று நாம் பாடுவதற்கும், "கடவுள் நினைத்ததைச் செய்பவர்" என்பதற்கு மேல் பொருள் இராது. இரண்டாவது சரியென்றால், கடவுளையும் வைத்து நிறுக்கக்கூடிய ஓர் அறம் இருக்கிறது என்றாகிறது.

இதற்கு விடை தேடி ஏதென்ஸ் வரை போக வேண்டியதில்லை. நம் ஒற்றியூர்க் கோயிலில் இந்த வழக்கு நடந்திருக்கிறது. நம் ஊர்க் கதை என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூருக்கு வந்து, இறைவனுக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு விரும்பினார். அவரைப் பெற்றுத் தரும்படி இறைவனிடமே வேண்டினார். உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து தர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஆரூரை மறக்க முடியாத சுந்தரர், சன்னிதியில் சத்தியம் செய்தால் அது தம்மைக் கட்டிவிடுமே என்று அஞ்சி, "அந்த நேரத்தில் நீர் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று தம் தோழரான இறைவனிடம் கேட்டுக்கொண்டார். இறைவனும் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழின் கீழே கேள் என்றும் சொல்லி வைத்தார். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்த்தவர்களுக்கு மற்றது தெரியும்: அந்த மரத்தடியில் சத்தியம் செய்தார், பின்பொரு நாள் வசந்த காலத்தில் ஆரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், தாண்டியதும் இரண்டு கண்களும் இருண்டன.

இந்த இடத்தில் சங்கிலியாரை நினைக்காமல் என்னால் கடந்து செல்ல முடிவதில்லை. தோழனுக்குக் கொடுத்த சொல்லை இறைவன் காப்பாற்றினார், ஆயினும் தம்மை நம்பிப் பூத்தொடுத்த பெண்ணை ஏமாற விடவில்லை. கேட்கும் நமக்கு அது சரியென்று படுகிறதே, அது ஏன்? நம்பிய பெண்ணை ஏமாற்றுவது தவறு என்பது, இறைவன் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெளிவைக் கொண்டுதான் அவரைப் போற்றுகிறோம்.

கண்ணிழந்த சுந்தரர் திருவெண்பாக்கம் சென்றார். பூண்டி நீர்த்தேக்கத்தில் அந்தப் பழைய தலம் மூழ்கிவிட்டது. கோயில் இப்போது வேறிடத்தில் இருக்கிறது. அங்கே அவர், நான் பிழை செய்தால் பொறுப்பீர் என்றிருந்தேனே, "பழியதனைப் பாராதே" என் கண்ணை மறைத்துவிட்டீரே என்று பாடினார். பழி என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். இறைவன் செய்வதெல்லாம், அவன் செய்கிறான் என்பதாலேயே அறமாகிவிடும் என்றால், அவனுக்குப் பழி எங்கிருந்து வரும்? காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஆரூருக்கு வந்து, அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னாலும் பேசாமல் இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்று பாடினார். மனம் நொந்தவர்கள் நம் தெருக்களில் "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்களே, அதே தொனி. அதன் பிறகே வலக்கண்ணும் வந்தது. அந்தப் பதிகத்தை யாரும் தெய்வ நிந்தனை என்று ஒதுக்கவில்லை. ஏழாம் திருமுறையில் வைத்து ஓதுகிறார்கள்.

நக்கீரரை விட்டுவிட்டீர்களே என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே வழக்கு பாட்டின் பொருட்குற்றம் பற்றியது, அறம் பற்றியது அன்று. இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று 1062-ஆம் குறளில் சொன்ன வள்ளுவரே இந்த வழக்குக்குச் சரியான சாட்சி.

எதிர்த்தரப்பும் நம் மரபிலேயே இருக்கிறது. அரனடிக்கு அன்பர் செய்யும் பாவமும் அறமாகும், அன்பில்லாதார் செய்யும் புண்ணியமும் பாவமாகும் என்று 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் எழுதினார். சிவனை மதியாத தக்கன் செய்த பெருவேள்வி தீமையாயிற்று, சிவபூசைக்கு வைத்த பாற்குடத்தை உதைத்த தந்தையின் காலை வெட்டிய சண்டேசரின் பாதகம் நன்மையாயிற்று என்று சான்றும் காட்டினார். இந்தப் பாட்டை இளமையில் படித்தபோது எனக்கு அச்சமாக இருந்தது. இன்று படிக்கும்போது, அன்பு என்ற ஒன்றையே துலாக்கோலாகப் பிடித்து அவர் இரு செயல்களையும் நிறுக்கிறார் என்று படுகிறது. கோலே வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

அந்த முதியவரின் சொல்லுக்கு வருகிறேன். அவள் கணக்கு நமக்குத் தெரியாது என்றார். மெய்தான், நம் அறிவு சிறியது. ஆனால் கணக்கே தெரியாதென்றால், அது நல்ல கணக்கு என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? தீமையைக் காணும்போது கணக்கு தெரியாது என்றும், நன்மையைக் காணும்போது கருணை என்றும் சொல்வது நேர்மையாகாது. அளக்கக் கூடாது என்றால் போற்றவும் கூடாது, போற்றுவதும் அளப்பதுதானே. கதவை உலுக்கிய அந்த அம்மா அம்மனை விட்டுப் போய்விடவில்லை. தை மாதத்தில் அதே வாசலில் அவர் விளக்கேற்றுவதைக் கண்டேன். கேள்வியை அவர் திரும்பப் பெற்றதாகவும் எனக்குத் தெரியவில்லை.

இதுவா அதுவா என்ற பிளேட்டோவின் கேள்வியை ஏற்காமல், கடவுளின் இயல்பே அறம், அளவுகோலே அவர்தான் என்கிற மூன்றாவது விடை ஒன்று உண்டு. அன்பும் சிவமும் வேறல்ல என்ற திருமூலரைக் கொண்டு அதை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் குறுகிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் தந்தையார் மளிகைக்கடை வைத்திருந்தார். இரும்பு எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்தால், குழியில் ஈயம் ஊற்றி அதன் மேல் அரசு முத்திரை குத்தியிருக்கும். கல்லை வேறொரு கல்லோடு ஒப்பிட்டுத்தான் அந்த முத்திரை. அப்படி ஒப்பிட்டுக்கொண்டே போனால், 2019 மே மாதம் வரை, பாரிஸ் அருகே பாதுகாத்து வைத்த ஓர் உலோக உருளையில் போய் நின்றது. அதுதான் கிலோ; அது சரியான கிலோவா என்று கேட்பதற்கே இடமில்லை என்றார்கள். மூன்றாவது விடை கடவுளை அந்த உருளையின் இடத்தில் வைக்கிறது. ஆனால் அதைப் போலவே செய்து வைத்த நகல் உருளைகளோடு நிறுத்துப் பார்த்தபோது நுண்ணிய வேறுபாடு தெரிந்தது, மாறியது எது என்று அறிஞர்கள் அந்த உருளையையே ஐயுற்றார்கள், கடைசியில் இயற்கையின் மாறாத எண் ஒன்றைக் கொண்டு கிலோவைப் புதிதாக வரையறுத்தார்கள். மூன்றாவது விடை சொல்பவர்கள், அந்த ஐயம் கடவுளிடம் ஏன் எழ முடியாது என்று காட்டியாக வேண்டும். திருமூலர் காட்டுகிறார் என்றே நான் நம்புகிறேன். அதை வேறொரு நாள் பேச வாய்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.