'சித்தம்' என்று முடிப்பதற்கு முன்

வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் ஜெபத்துக்குக் குறைவில்லை. உபவாசக் கூட்டம், முழு இரவு ஜெபம், கடற்கரை ஊர்களில் செபமாலை. ஆனாலும் ஒரு காரியம் என் மனசை உறுத்திக்கொண்டே இருக்கும். வாய்விட்டு முழுசாகக் கேட்பதற்குள்ளே, 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று நாமே முடித்து வைத்துவிடுகிறோம். பணிவு என்று நினைக்கிறோம். பல நேரம் அது, கேட்டுக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்கிற பயம்தான்.

ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம், பாவத்தினால் அழிவு நெருங்கியிருந்த சோதோம் பட்டணத்துக்காக ஆண்டவரிடமே பேரம் பேசுகிறார். 50 நீதிமான்கள் இருந்தால் விடுவீரோ என்று தொடங்கி 45, 40, 30, 20 என்று இறங்கி 10-ல் வந்து நிற்கிறார். வடசேரி சந்தையில் ஐந்து தடவை விலையைக் குறைத்துக் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். இங்கே ஆண்டவர் ஒவ்வொரு முறையும் சரி என்கிறார். 'சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ' என்று கேட்ட அதே வாய்தான், 'நான் தூளும் சாம்பலும்' என்றும் சொல்கிறது. துணிச்சலும் தாழ்மையும் ஒரே மூச்சில்!

லூக்கா 11-இல் நள்ளிரவில் கதவைத் தட்டுகிறவனைப் பாருங்கள். உள்ளே கதவு பூட்டியாயிற்று; பிள்ளைகள் தகப்பனோடு படுத்திருக்கிறார்கள்; அவர் எழுந்தால் வீடே விழித்துக்கொள்ளும். தட்டுகிறவன் தன் பசிக்காக வரவில்லை. வழிப்பயணமாய் வந்த சிநேகிதனுக்கு வைக்க மூன்று அப்பம் வேண்டும். அடுத்தவருக்காகக் கேட்கும்போது நமக்கும் வெட்கம் விட்டுப்போகும்தானே?

லூக்கா 18-இல், அநீதியுள்ள ஒரு நியாயாதிபதியிடம் நியாயம் கேட்டு ஓயாமல் போய் நின்ற விதவையை எல்லாருக்கும் தெரியும். நச்சரித்தால் தேவன் தந்துவிடுவார் என்று சிலர் அதை வைத்துப் பிரசங்கம் பண்ணுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த அநீதியுள்ள நியாயாதிபதியே இறங்கி வந்தான் என்றால் தேவன் எவ்வளவு அதிகமாய்க் கேட்பார் என்பதே இயேசு சொன்னது. இன்னொன்று: அந்தப் பெண் வீட்டில் அமர்ந்து அழவில்லை. நியாயம் கிடைக்கிற இடத்துக்கு நடந்து போனாள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலுக்குப் போன நம் மீனவர்கள் திரும்பவில்லை. சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராய் ஜனங்கள் தவித்தார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கடலில் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. கோயிலில் முழங்கால் போட்டவர்களும் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களும் ஒரே ஜனங்கள்தான். அது வேறு, இது வேறு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பலர் கடைசிவரை கரை சேரவில்லை. அதை மறைத்துவிட்டு ஜெபத்தைப் பற்றிப் பேசினால் அந்த வீடுகளில் நம் பேச்சு எடுபடாது. அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் கேட்டும், 'மாம்சத்திலே ஒரு முள்' என்று அவர் சொன்ன அந்த வேதனை நீங்கவில்லை. 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதிலாவது வந்தது. எந்தப் பதிலும் வராதவர்களுக்கு 13-ஆம் சங்கீதம் இருக்கிறது: 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' வேதத்திலேயே இருக்கிற ஜெபம் இது. அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது இதை வாசியுங்கள். சித்தத்தைப் பற்றி அந்த வீட்டுக்காரர்களே பேசட்டும், அவர்களுக்குத் தோன்றும்போது.

வணக்கம்.