கூரை விளிம்பில் ஒரு பெண் உருவம்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு வட்டாரத்தில் கில்பெக் என்னும் சிற்றூரில், 1140 வாக்கில் கட்டப்பட்ட செம்மணற்கல் தேவாலயம் ஒன்று உள்ளது. 1134ஆம் ஆண்டிலேயே அவ்வூர்த் தேவாலயம் குளொஸ்டர் நகரின் பெனடிக்டின் துறவியர் மடத்துக்குக் கொடையாக வழங்கப்பட்டிருந்தது. கூரை விளிம்பைத் தாங்கும் அதன் சிற்பக் கற்களில் ஏறத்தாழ 85 இன்றும் எஞ்சியுள்ளன. நாயும் முயலும் ஒட்டி நிற்கும் கல் ஒன்று அவற்றில் உண்டு. பெரிய தலையும் பிதுங்கிய கண்களுமாக, இரு கைகளையும் தொடைகளுக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து தன் பிறப்புறுப்பை அகல விரித்துக் காட்டும் பெண் உருவமும் உண்டு. இத்தகைய உருவங்களை ஷீலா-நா-கிக் என்று அழைக்கிறார்கள்.

1842இல் இத்தேவாலயத்தைப் படங்களுடன் நூலாக்கிய ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்னும் ஓவியர், அவ்வுருவத்தை ஒரு மூடனாகக் கண்டார். அந்தப் பிளவு மார்பில் உள்ள வெட்டு என்றும், எல்லோருக்கும் திறந்து கிடக்கும் இதயத்தின் வழி என்றும் எழுதினார். அவரைக் குறைகூறுவது எளிது. ஆனால், கண்முன் இருக்கும் கல்லைவிட மனத்தில் முன்பே இருக்கும் விளக்கத்தை நம்பும் பழக்கம் அவரோடு முடிந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் மார்கரெட் மரே என்னும் ஆய்வாளர் இவ்வுருவங்களில் வளமைத் தெய்வத்தைக் கண்டார். பின்வந்தவர்களில் பலர் காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்றனர். கண்ணேறு கழிக்கும் காவல் உருவம் என்றோரும் உண்டு. ஒரே விளக்கத்தை எல்லாக் கற்களுக்கும் பொருத்துவதை என்னால் ஏற்க இயலவில்லை.

எச்சரிக்கை என்னும் விளக்கம் ஐயமின்றிப் பொருந்தும் இடம் பிரான்சின் மொய்சாக் மடாலயம். அதன் தெற்கு வாயில் மண்டபத்தின் ஒரு பக்கச் சுவரில், பாம்புகள் மார்பைக் கவ்வ, அருகே பேய் நிற்க, ஆடையின்றி நிற்கிறாள் ஒரு பெண். அவளுக்கு மேலே ஈயாத செல்வந்தனும் ஏழை லாசருவும் இடம்பெறும் விவிலியக் கதை. எதிர்ச்சுவரிலோ வானதூதரின் செய்தியைக் கேட்கும் மரியாள். உள்ளே நுழைபவர் இரண்டு சுவர்களுக்கும் நடுவே நடந்தாக வேண்டும். அங்கே சிற்பியே பொருளைச் சொல்லிவிடுகிறார்.

கில்பெக்கில் அப்படி எதிர்ச்சுவர் இல்லை. அயர்லாந்தின் குளோன்மக்நோய்ஸ் மடத்தில், தெர்வோர்கில்லா என்னும் அரசகுலப் பெண் 1167இல் கட்டிமுடித்த கன்னியர் தேவாலயத்தின் உள்வளைவிலும், கோண வரிகளுக்கிடையே கால்களைத் தலைவரை தூக்கிய மிகச் சிறிய உருவம் ஒன்று இருக்கிறது. தேடினால்தான் கண்ணில் படும். ஊரை அச்சுறுத்தச் செதுக்கியதை இவ்வாறு ஒளித்து வைப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அயர்லாந்தில் பிற்காலக் கோட்டைச் சுவர்களிலும் இவ்வுருவங்கள் பதிக்கப்பட்டன. அங்கே துறவியரின் பிரசங்கத்துக்கு இடமேது?

துறவியரே ஒருமனதாக இருந்தார்கள் என்றும் கொள்ள முடியாது. 1125 வாக்கில் சிஸ்டர்சியன் துறவுச் சபையைச் சேர்ந்த பெர்னார்டு என்னும் துறவி, மடத்து முற்றங்களில் விலங்குகளும் விசித்திர உருவங்களும் எதற்கு, இறைச்சட்டத்தைத் தியானிக்காமல் நாள் முழுதும் இவற்றையே பார்த்து வியக்கவா என்று வருந்தி எழுதினார். அந்த வருத்தத்திலிருந்தே, அவர் காலத்துத் துறவியர் அச்சிற்பங்களை எத்தனை ஆவலோடு பார்த்தார்கள் என்பது விளங்குகிறது.

அயர்லாந்தின் பாலிவோர்னியில், பழைய தேவாலயச் சாளரத்தின் மேலுள்ள அத்தகைய உருவத்தைப் புனித கோப்நெய்ட்டை வழிபட வரும் பக்தர்கள் கைநீட்டித் தொட்டு வேண்டிக்கொள்கிறார்கள். செதுக்கியவர் என்ன நினைத்தாரோ, அந்தக் கைகளுக்கு அது இன்றும் அருள் தரும் கல்.