மூன்று லட்சமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

நேயர்களுக்கு வணக்கம். நான் கார் நிபுணன் கிடையாது. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் செலவுக் கணக்கு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். அந்தக் காரணத்தால் உறவில் யார் எதை வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் இஷ்டப்படி வாங்குவார்கள். அது எனக்குப் பழகிப்போன விஷயம்.

2025 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிடிஎம் லேஅவுட்டில் இருக்கும் என் தங்கை மகன், எனக்கு மாப்பிள்ளை முறை, என் வீட்டுக்கு வந்தான். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான். "மாமா, ஹைப்ரிட் கார் வாங்கலாம்னு இருக்கேன். லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் குடுக்குதாம்."

"யார் சொன்னது?" என்றேன்.

"கம்பெனியே சொல்லுது மாமா."

கம்பெனி சொல்வது பொய் இல்லை. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகிய இரண்டு வண்டிகளின் முழு ஹைப்ரிட் மாடலுக்கும் அதிகாரபூர்வக் கணக்கு 27.97 கிலோமீட்டர். இரண்டும் நம் ஊருக்குப் பக்கத்தில் பிடதியில் ஒரே தொழிற்சாலையில் தயாராகிறவை. ஆனால் அந்த எண் சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்தது. அங்கே நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு கிடையாது. நடுரோட்டில் நின்று ஆளை ஏற்றும் பேருந்தும் கிடையாது.

கணக்குக்குப் போகும் முன், பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்தே இருக்கும் இந்த ஹைப்ரிட் வண்டி என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சின்ன வயதில் சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்துவிட்டால் விளக்கு எரியும், கூடவே மிதி கனக்கும். சக்கரத்தின் ஓட்டத்தைத் தின்றுதான் டைனமோ மின்சாரம் தருகிறது. ஹைப்ரிட் காரில் பிரேக்கை மிதிக்கும்போது நடப்பது கிட்டத்தட்ட அதுதான். சாதாரண வண்டியில் பிரேக் சூடாகி வீணாகப் போகும் சக்தியில் ஒரு பங்கு, இங்கே மின்சாரமாக மாறி பேட்டரிக்குப் போய்ச் சேருகிறது. மறுபடி நகரும்போது, அந்த மின்சாரத்தில் மோட்டார் வண்டியைத் தள்ளுகிறது. எஞ்சின் அணைந்தே கிடக்கும்.

எஞ்சினும் சற்று வேறு ரகம். ஆட்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1880-களில் யோசித்த முறையில் ஓடுவது. சிக்கனமான எஞ்சின், ஆனால் மெதுவாகச் சுழலும்போது இழுவை குறைவு. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டிவிடுகிறது. 1997 இறுதியில் ஜப்பானில் பிரியஸ் கார் விற்பனைக்கு வந்தபோதே இந்த ஏற்பாடு இருந்தது. ஆக, இது ஒன்றும் நேற்று வந்த வித்தை அல்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹைப்ரிட் என்று எழுதி ஒட்டியதெல்லாம் ஹைப்ரிட் ஆகிவிடாது. மைல்டு ஹைப்ரிட் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெல்ட்டில் மாட்டிய சின்ன மோட்டார், எஞ்சினுக்கு லேசாகக் கை கொடுக்கும், சிக்னலில் அணைந்த எஞ்சினை எழுப்பும், அவ்வளவுதான். ஓட்டல் பொங்கலில் முந்திரி மாதிரி, இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஷோரூமில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எஞ்சின் அணைந்திருக்கும்போது வண்டி மோட்டாரில் மட்டும் நகருமா?" நகரும் என்றால் முழு ஹைப்ரிட். விற்பனையாளர் பதிலைச் சுற்றி வளைத்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

சரி, ஓட்டிப் பார்க்கப் போனோம். ஷோரூமில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். காலி ரோட்டில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். "வேண்டாம் தம்பி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு வருகிறோம், சில்க் போர்டு வழியாகப் போவோம்" என்றேன். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனாலும் வந்தார்.

வண்டியில் ஏறியதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினோம். பிடிஎம் லேஅவுட் தாண்டுவதற்குள் எஞ்சின் சத்தம் நின்றுவிட்டது. ஏசி மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் இதில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பக்கத்தில் ஓர் ஆட்டோ. ஆட்டோக்காரர் சிக்னலில் எஞ்சினை அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, வண்டியே அதைச் செய்தது. பத்தடி நகரும், நிற்கும். மீட்டரின் முள் பச்சைப் பக்கத்துக்கும் சார்ஜ் பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தது. சுமார் கால் மணி நேரம் அப்படியே ஊர்ந்த பிறகு, நின்ற இடத்திலேயே எஞ்சின் தானாக விழித்து மூன்று சிலிண்டருக்கே உரிய ஒரு சின்ன உறுமல் போட்டது. பேட்டரி இறங்கிவிட்டது, அதை நிரப்ப எழுந்ததாம். அந்த பேட்டரியின் கொள்ளளவு 0.76 யூனிட். வீட்டு மிக்ஸியை ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் தீர்ந்துபோகும் அளவுதான். அதனால்தான் இதற்குப் பிளக் கிடையாது, தேவையும் இல்லை.

பதினோரு கிலோமீட்டர் போக ஐம்பத்தைந்து நிமிஷம். திரையில் 19.4 என்று காட்டியது. அடுத்த வாரம் அதே சாலையில், அதே நேரத்தில், நண்பர் ஒருவரின் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் போனோம். 9.8. ஏசி போட்டபடி நிற்கும் பெட்ரோல் வண்டி நின்ற இடத்திலேயே எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கும் என்பது கண்ணெதிரே தெரிந்தது. டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூரில் பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிஷம் 10 வினாடி ஆனது, உலகிலேயே மூன்றாவது மெதுவான நகரம். நாம் தினமும் திட்டுகிற இந்த நெரிசல்தான் ஹைப்ரிட்டுக்கு உகந்த இடம்.

இப்போது கணக்கு. பெட்ரோல் 103 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் தரும் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 10 ரூபாய் 30 காசு. இருபது தரும் வண்டிக்கு 5 ரூபாய் 15 காசு. நகரத்துக்குள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 ரூபாய் 15 காசு மிச்சம்.

நெடுஞ்சாலையில் கதை வேறு. என் மாப்பிள்ளை மாதம் ஒருமுறை சேலம் போய் வருகிறவன், போக வர நானூறு கிலோமீட்டர். அங்கே பிரேக் மிதிப்பது குறைவு, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நிறைய மின்சாரம் சேருமே என்று கேட்டான். சேரும், ஆனால் அந்தக் குட்டி பேட்டரி சில கிலோமீட்டரிலேயே நிரம்பிவிடும். அப்புறம் வருவதை வைக்க இடமில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் ஏற்றம். பெட்ரோல் வண்டி பதினாறு தருகிறது, ஹைப்ரிட் இருபது தருகிறது என்று வைத்தால் மிச்சம் 1 ரூபாய் 29 காசுதான்.

அதே மாடல், அதே வசதிகள், ஒன்று பெட்ரோல் ஆட்டோமேட்டிக், மற்றது ஹைப்ரிட் என்று இரண்டு விலைப்பட்டியலை எடுத்து வைத்தோம். கர்நாடகத்தின் வாழ்நாள் வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து வித்தியாசம் ஏறக்குறைய மூன்று லட்சம். வரி விஷயத்தில் ஹைப்ரிட்டுக்கு இங்கே பெரிய தயவு கிடையாது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. நான்கு மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்ரிட்டுக்கு, கார்களின் வரி குறைந்த 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகும் 40 விழுக்காடு. அன்று பெட்ரோல் மாடலும் சேர்ந்தே விலை இறங்கியதால் இடைவெளி பெரிதாக மாறவில்லை. உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் முழு ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தார்கள். அந்தச் சமயத்தில் நொய்டாவில் வாங்கியவர் போட்ட கணக்கை ஜெயநகரில் இருப்பவர் காப்பி அடிக்க முடியாது.

நான் மாப்பிள்ளையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். "இப்போது இருக்கும் வண்டியில் ஒரு மாதம், தினமும் ராத்திரி மீட்டரைப் பார்த்து எழுது. ஊருக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு, அது போதும்." பலரும் தங்கள் ஓட்டத்தைப் பற்றி ஆசைக்குத் தக்கபடிதான் சொல்வார்கள். வண்டி வாங்க வேண்டும் என்றால் மாதம் ஆயிரத்தைந்நூறு என்பார்கள், விற்க வேண்டும் என்றால் ஐந்நூறு என்பார்கள்.

ஒழுங்காக எழுதினான். எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகம், கடை கண்ணி எல்லாம் சேர்த்து நகரத்துக்குள் 800 கிலோமீட்டர், சேலம் 400. மாத மிச்சம் 4,636 ரூபாய். வருஷத்துக்கு 55,632. மூன்று லட்சம் திரும்பி வர ஐந்தரை வருஷம். பத்து வருஷம் வண்டி வைத்திருப்பவனுக்கு இது மோசமில்லை. "வாங்கலாம்" என்று சொல்லப் போனேன்.

அப்போது ஆகஸ்ட் வந்தது. 10-ஆம் தேதி மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தைத் திறந்தார்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல், பிடிஎம் லேஅவுட், சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி எல்லாம் அதே தடத்தில். இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை மெட்ரோவுக்கு மாறிவிட்டான். செப்டம்பர் மாத நோட்டில் நகர ஓட்டம் 250. மிச்சம் மாதம் 1,803 ரூபாய், வருஷத்துக்கு 21,636. அந்த மூன்று லட்சத்தை ஏழு விழுக்காட்டில் வங்கியில் போட்டால் வட்டியே 21,000 வரும். கிட்டத்தட்ட நேருக்கு நேர் சமம்.

சிலர் நினைப்பார்கள், பேசாமல் மின்சாரக் காரே வாங்கலாமே என்று. வீட்டில் சொந்தமாகச் சார்ஜ் போட வசதி இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சுற்றித்தான் ஆகும். ஆனால் அல்சூர், ஸ்ரீராமபுரம் மாதிரி நம் ஆட்கள் நெருக்கமாக வாழும் பழைய தெருக்களில் கார் ராத்திரி தெருவோரத்தில்தான் தூங்குகிறது. மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட முடியுமா? என் மாப்பிள்ளையின் அடுக்குமாடியில் சார்ஜர் வைப்பது பற்றி சங்கக் கூட்டம் மூன்று முறை நடந்தது. மூன்றிலும் சமோசா தீர்ந்தது, விஷயம் தீரவில்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள், அதனால் முதல் எட்டு வருஷம் அந்தப் பயம் வேண்டாம். பழையதாக வாங்குகிறவர்தான் எத்தனை வருஷம் பாக்கி என்று பார்க்க வேண்டும். நான் சொன்ன இரண்டு வண்டிகளிலும் பேட்டரி பின்னால் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிராண்ட் விட்டாராவின் டிக்கி 373 லிட்டரிலிருந்து 265-ஆகக் குறைகிறது. ஊரிலிருந்து வரும்போது அரிசி மூட்டையும் பத்துத் தேங்காயும் ஏற்றி அனுப்பும் என் தங்கைக்கு இது பெரிய குறை. அப்புறம், என் சம்பந்தி ஒருவர் தன் ஹைப்ரிட்டை ஒன்றரை மாதம் நிறுத்திவிட்டு மகளைப் பார்க்க அமெரிக்கா போனார். திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் வண்டி அசையவில்லை. பெரிய பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அதை எழுப்ப வேண்டிய சாதாரணப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி செத்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒயர் போட்டு எழுப்பிவிட்டார்.

மஞ்சள் தடத்தின் கணக்கை நான் மாப்பிள்ளையிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். என்னை முறைப்படி பெரியப்பா என்பாள். அவளுக்கு வேலை நாகவாராவில், மான்யதா டெக் பார்க்கில். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு, அதுவும் ஒரு ஹைப்ரிட்தான். கம்பெனி கேப்பில் போய் வந்துகொண்டிருந்தாள்.

"பெரியப்பா, அடுத்த மாசத்துலேர்ந்து அஞ்சு நாளும் வரச் சொல்லிட்டாங்க. கேபையும் நிறுத்துறாங்க. எனக்குப் போக வர நாப்பது கிலோமீட்டர், எல்லாம் ரிங் ரோடு."

எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. கார் என்றதும் அவன் ஓட்டப் போகிற கார் என்றே நினைத்துவிட்டோம். பேனாவை எடுத்தேன். இருபத்திரண்டு நாள், 880 கிலோமீட்டர், முழுக்க நெரிசல். கடை கண்ணிக்கு 150, சேலம் நானூறு. மாதம் ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். நாலேகால் வருஷத்தில் மூன்று லட்சம் வந்துவிடும்.

"அந்தப் பக்கமும் மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கிறார்களே அம்மா, ரிங் ரோடு வழியாக விமான நிலையம் வரை?" என்றேன்.

"தூண் வேலையை நானும் தினமும்தான் பாக்கறேன் பெரியப்பா. நாலேகால் வருஷத்துக்குள்ள ரயில் வந்துருமா, அதை நீங்களே சொல்லுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நோட்டை எடுத்து, கணவன் எழுதிய பக்கத்தைத் திருப்பிவிட்டு, புதுப் பக்கத்தில் தேதி போட்டாள்.